சிறு தீவில் வீடு கட்ட மணலும் ஜல்லியும் எங்கிருந்து எடுப்பது?

கேள்வி இது: தாழ்வான ஒரு சிறு பவளத்தீவில் 40 வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் கட்ட வேண்டும். கரையில் மணல் அள்ளக் கூடாது என்கிறார்கள். வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்றால், மணலின் விலையைவிடக் கப்பல் கூலி பல மடங்கு ஆகிறது. தீவைக் கெடுக்காமல் மணலும் ஜல்லியும் எடுக்க வழி இருக்கிறதா? கடல் மணலில் கட்டினால் கட்டடம் நிற்குமா?

வழி இருக்கிறது. கட்டடமும் நிற்கும். ஆனால் எந்த இடத்து மணல், எவ்வளவு, எப்படிக் கழுவியது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு செய்தால் வீடும் போகும், கரையும் போகும்.

முதலில் உங்கள் கரைக்குப் போய் ஒரு கைப்பிடி மணலை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஆற்று மணலில் பளபளக்கும் படிகக் கல்லை இதில் பார்க்க முடியாது. உடைந்த பவளத் துண்டு, சிப்பித் துணுக்கு, ஹாலிமெடா என்னும் சுண்ணாம்புப் பாசியின் செதில், நட்சத்திரம் போலவும் சின்னக் காசு போலவும் இருக்கும், ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் கடலுயிர்களின் ஓடுகள், இவைதான் தெரியும். ஒவ்வொரு மணியும் ஏதோ ஓர் உயிர் செய்தது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றி அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அங்கே பவளத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்கள் தருவது என்று 2015-இல் எழுதினார்கள். அந்த மீன் பவளப்பாறையைக் கொறித்து, அதிலுள்ள பாசியை உண்டுவிட்டு, அரைபட்ட சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. தீவின் மணல் வரவு அவ்வளவுதான். மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து கொட்ட ஆறு கிடையாது. கிளிமீனை வலைபோட்டு அள்ளினாலும், சாக்கடையை விட்டுத் திட்டைக் கெடுத்தாலும், அந்த வரவும் குறையும்.

அதனால் தீவு மணலை நான் இரண்டு வகையாகத்தான் பார்ப்பேன். ஒன்று வேலையில் இருக்கும் மணல், இன்னொன்று வேலை முடிந்த மணல். கரையில் கிடப்பது, அலை தொடும் ஆழத்தில் புரள்வது, கரையோரமாக இங்கும் அங்கும் நகர்வது எல்லாம் வேலையில் இருப்பவை. பருவக்காற்று திசை மாறும்போது தீவின் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் சேர்கிறதே, அது இந்த மணல்தான். புயலில் கடலுக்குள் போய், கடல் அடங்கியதும் மெல்லத் திரும்பி வருவதும் இதுதான். வேலை முடிந்த மணல் என்பது, அலை எட்டாத ஆழத்துக்குச் சரிந்து இனி கரைக்குத் திரும்ப வழியில்லாமல் கிடப்பது. பவளத்திட்டு வளைத்து நிற்கும் உள்கடலான காயலின் ஆழமான பகுதியில், கடல்நீர் உள்ளே வந்துபோகும் காயல் வாய்களின் உட்புறத்தில் அப்படிச் சேர்ந்துகிடக்கும். எடுக்கத் தகுந்தது இரண்டாவது வகை மட்டும்தான். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று கேட்பவர்களுக்கெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் முதலில் சொல்வேன். மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

கரையில் கொஞ்சம் அள்ளினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சிமென்ட் 320 கிலோ போட்டால், மணல் சுமார் 700 கிலோ, ஜல்லி ஆயிரம் கிலோவுக்கு மேல் வேண்டும். 60 சதுர மீட்டரில் ஒரு சின்ன வீடு என்றால் அடித்தளம், தரை, கல் சுவர், பூச்சு எல்லாம் சேர்ந்து மணலும் ஜல்லியுமாக 25 முதல் 30 கன மீட்டர் ஆகிவிடும். 40 வீட்டுக்கு ஏறக்குறைய 1,200 கன மீட்டர். 10 மீட்டர் அகலமுள்ள கரையில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்தால், 100 மீட்டர் நீளத்துக்கு 300 கன மீட்டர் கிடைக்கும். அப்படியானால் உங்கள் 40 வீடுகளும் 400 மீட்டர் கரையை முழங்காலுக்குச் சற்றுக் குறைவான ஆழத்துக்கு வழித்தெடுத்துவிடும். கரையின் சரிவு பத்துக்கு ஒன்று என்றால், 30 சென்டிமீட்டர் தாழ்ந்த கரையில் கடல் 3 மீட்டர் உள்ளே வரும். பள்ளிக்கூடத்தை இன்னும் சேர்க்கவில்லை. தீவின் அகலமே 200, 300 மீட்டர்தான் என்னும் இடத்தில் 3 மீட்டர் சின்ன விஷயம் கிடையாது.

இதில் இன்னொரு சுழலும் உண்டு. கரை அரிக்கிறது என்று தடுப்புச்சுவர் கட்டுவார்கள். சுவருக்கு மணல் வேண்டும், அதையும் அதே கரையில் அள்ளுவார்கள். செங்குத்தான சுவரில் மோதிய அலை திரும்பி இழுக்கும்போது காலடி மணலையும் கொண்டுபோகும். அப்புறம் சுவருக்கு முட்டுக்கொடுக்க இன்னொரு சுவர். பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் தெற்கு டராவா போன்ற நெருக்கமான இடங்களில் மணல் மூட்டைச் சுவர்கள் வரிசையாக நிற்பதன் பின்கதை பெரும்பாலும் இதுதான்.

கரையில் கிடக்கும் பவளச் சரளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மணலைத் தொடாதவர்கள்கூடச் சரளையை அள்ளிவிடுகிறார்கள். சும்மா குவிந்து கிடக்கும் குப்பை போலத்தான் அது தெரியும். 1972 அக்டோபரில் பெபே புயல் பசிபிக் தீவு நாடான துவாலுவின் ஃபுனாஃபுட்டியைத் தாக்கியபோது, கடல் பக்கத்துத் திட்டின் மேல் ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆள் உயரத்தையும் தாண்டிய பவளச் சரளை வரப்பு ஒன்றை ஒரே நாளில் எறிந்துவிட்டுப் போனது. அடுத்து வந்த ஆண்டுகளில் அலைகள் அந்த வரப்பை மெதுவாகத் தீவை நோக்கித் தள்ளின. அது தீவோடு ஒட்டிக்கொண்டது. பவளத்தீவுகள் வளர்வது இப்படித்தான். ஒவ்வொரு புயலும் ஒரு கை சரளை போட்டுவிட்டுப் போகிறது. கடல் பக்கத்து மேட்டிலிருந்து சரளை அள்ளுவது, கட்டிக்கொண்டிருக்கும் சுவரிலிருந்தே கல்லை உருவுவது போல.

திட்டையே உடைத்து எடுப்பது இதைவிட மோசம். பல கடல்களில் எடுத்த அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தணிக்கின்றன என்று 2014-இல் கண்டது. மாலத்தீவில் பல பத்தாண்டுகள் வீடு கட்டவும் சாலை போடவும் பவளக் கல்லைப் பெயர்த்தார்கள். அப்படிப் பெயர்த்த திட்டுகள் பல ஆண்டுகள் கழித்தும் மீளவில்லை. 1987-இல் பெரும் அலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. அதன் பிறகு ஜப்பானின் உதவியோடு நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அலைத்தடுப்பு கட்டினார்கள். இயற்கை சும்மா கொடுத்திருந்த காவலைக் கான்கிரீட்டில் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

சரி, தீவின் நடுவில் தோண்டலாமே என்று அடுத்துத் தோன்றும். அங்கே தடுப்பது நல்ல தண்ணீர். பவளத்தீவின் கீழே மழைநீர் ஒரு வில்லை போல உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்லநீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நல்லநீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. உண்மையில் இந்தத் தீவுகளில் நீர் நிற்கும் உயரமே சில பத்து சென்டிமீட்டர்தான். குழி தோண்டி அந்த நீரை வெயிலுக்குத் திறந்துவிட்டால் ஆவியாகும், அழுக்கும் சேரும், கீழேயிருந்து உப்பு ஏறும். ஃபுனாஃபுட்டியில் 1943-இல் அமெரிக்கப் படையினர் விமான ஓடுதளம் போடுவதற்காகத் தோண்டிய குழிகள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தன. உப்புநீரும் குப்பையும் நிறைந்த அந்தக் குழிகளின் ஓரத்திலேயே குடும்பங்கள் வாழ்ந்தன. 2015-இல் நியூசிலாந்தின் நிதியில், காயலிலிருந்து எடுத்த மணலைக் கொண்டு அவற்றை மூடினார்கள். தோண்டியவர்கள் சில மாதங்களில் முடித்த வேலையின் விளைவை மூன்று தலைமுறை சுமந்தது.

ஆக, மிஞ்சுவது காயல். என் கணக்கில் பவளத்தீவுக்கு முதல் தெரிவு அதுதான். கிரிபாட்டியில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தெற்கு டராவாவின் கரைகளைக் காப்பாற்ற, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு ஒரு திட்டம் தொடங்கி, காயலின் அடியிலிருந்து மணலும் சரளையும் எடுக்கும் கப்பலையும், அதை நடத்தவும் பொருளைச் சலித்து விற்கவும் அரசு நிறுவனம் ஒன்றையும் உருவாக்கினார்கள். துவாலுவில் 2023-இல் ஃபுனாஃபுட்டி காயல் மணலைக் கொண்டு 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குப் புதுநிலமே போட்டிருக்கிறார்கள்.

ஆனால் காயல் என்றாலே எங்கும் தோண்டலாம் என்று அர்த்தமில்லை. உள்கரையிலிருந்து தள்ளி, அலை கீழே இறங்கித் தொடாத ஆழத்தில் எடுக்க வேண்டும். காயலில் அலை சிறியது என்பதால் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். அதை ஊகத்தில் முடிவு செய்யாமல், ஆழம் அளந்து, நீரோட்டம் பார்த்து, அடியிலிருந்து மாதிரி எடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆழம் இருந்தும் கரைக்கு மிக அருகில் குழி போட்டால், கரை மணலே சரிந்து குழியை நிரப்பும். கடற்புல் படுகை, உயிருள்ள பவளக் குன்று, மீன்கள் முட்டையிட ஒன்றுகூடும் இடங்கள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. எந்த இடத்தில் எந்த மாதம் மீன் கூடும் என்பது ஊர் மீனவர்களுக்குத் தெரியும். வரைபடம் போடும்போதே அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போங்கள். பவளம் முட்டையிடும் நாட்களில் வேலையை நிறுத்த வேண்டும். கலங்கல்தான் பெரிய எதிரி. தோண்டும்போது எழும் மாவு போன்ற வண்டல் மிதந்துபோய்ப் பவளத்தின் மேல் படிந்தால் அது மூச்சுமுட்டிச் சாகும். காற்றும் ஓட்டமும் எந்தப் பக்கம் என்று பார்த்து, திரை கட்டி, கலங்கல் எல்லை மீறினால் அன்றைக்கு நிறுத்திவிடும் அதிகாரம் உள்ள ஒருவரை அங்கேயே வைக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காயலின் நடுப்பகுதியில் பெரும்பாலும் மாவு வண்டல்தான் கிடைக்கும். கான்கிரீட்டுக்கு அது ஆகாது. காயல் வாயை ஒட்டி உட்புறம் சேர்ந்திருக்கும் பரும்மணல்தான் நல்லது. மாதிரி எடுக்காமல் கப்பலை வரவழைத்தால், காசு கொடுத்துச் சேறு வாங்கிய கதையாகிவிடும்.

உங்கள் தீவில் எரிமலைப் பாறை இருந்தால் நிலைமையே வேறு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொரிஷியஸ் 2001-இல் காயல் மணல் எடுப்பதை நிறுத்திவிட்டு, கருங்கல்லைக் கிரஷரில் உடைத்துச் செய்யும் மணலுக்கு மாறியது. அங்கே அதன்பின்னும் கட்டடங்கள் நிற்காமல் போகவில்லை. மேஸ்திரிகளுக்குக் கலவைப் பதம் பழகச் சில காலம் ஆனால் ஆகட்டும். உடைத்த மணலில் தூசி அதிகம், மணிகள் கூர்மையானவை, தண்ணீர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். கழுவி, சலித்து, அளவு சரிபார்த்தால் எந்தக் குறையும் இல்லை. கரீபியன் தீவான மொன்செராட்டில் 1995 முதல் வெடித்த எரிமலை பள்ளத்தாக்குகளில் கொட்டிய சாம்பலையும் கல்லையும் அள்ளி, பக்கத்துத் தீவுகளுக்குக்கூட மணலாக அனுப்புகிறார்கள். வந்து விழுந்த அழிவிலிருந்து பிழைப்பு தேடிய அந்தத் தீவினரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. ஆறு உள்ள தீவில், வெள்ளம் வடிந்தபின் நீர் மட்டத்துக்கு மேல் தெரியும் மணல்மேடுகளிலிருந்து மட்டும், வெள்ளம் கொண்டுவந்த அளவுக்கு உட்பட்டு எடுக்கலாம். ஆற்று மணலும் கடைசியில் கரைக்குப் போக வேண்டியதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

வெளியிலிருந்து கொண்டுவருவதை முழுதாக ஒதுக்கவும் தேவையில்லை. ஜல்லியை மட்டும் கொண்டுவந்து, மணலை உள்ளூரில் எடுப்பது பல தீவுகளுக்குப் பொருந்தும் நடுவழி. நல்ல கருங்கல் ஜல்லி உப்பை உறிஞ்சாது, கம்பியுள்ள கான்கிரீட்டின் பலமும் கூடும். சிமென்ட் கொண்டுவரும் கப்பலிலேயே இடம் பேசிவைத்தால் கூலி குறையும். ஒரே ஒரு நிபந்தனை: கழுவாத மணலோ ஜல்லியோ வரக் கூடாது. மண் ஒட்டிய கல்லோடு எறும்பும் களை விதையும் சேர்ந்து வரும். சின்னத் தீவில் ஒரு புது எறும்பு நுழைந்துவிட்டால் பறவை, நண்டு, தோட்டம் எல்லாவற்றுக்கும் கேடு. இறக்கிய பிறகு பார்த்துப் பயனில்லை, ஏற்றும் துறையிலேயே கழுவிச் சோதிக்க வேண்டும். இன்னொரு விஷயம், உங்களுக்கு மணல் விற்பவர் எந்தக் கரையை வெட்டி விற்கிறார் என்றும் கேளுங்கள். கரீபியன் தீவான பார்புடாவில் பல பத்தாண்டுகளாக மணல் குன்றுகளை வெட்டி மற்றத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். ஒரு தீவைக் காப்பாற்ற இன்னொரு தீவைக் கரைப்பது தீர்வாகாது.

இப்போது இரண்டாவது கேள்வி: கடல் மணலில் கட்டினால் நிற்குமா? பத்துப் பதினைந்து வருடமான கட்டடத்தின் கூரைத் தளத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். முதலில் கம்பி ஓடும் நேர்க்கோட்டில் பழுப்பு நிறக் கீறல் விழும். அடுத்து அந்த இடம் பொருமும். பிறகு ஒருநாள் காரை பெயர்ந்து கீழே விழும். உள்ளே துருப்பிடித்த கம்பி வீங்கி, சிலநேரம் விரலால் உதிர்க்கும் அளவுக்கு அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். உப்பிலுள்ள குளோரைடு செய்யும் வேலை இது. கான்கிரீட்டின் பலத்தை உப்பு பெரிதாகக் குறைப்பதில்லை, அதனால் முதல் சில வருடம் ஒன்றுமே தெரியாது. அதுதான் ஆபத்து. பள்ளிக்கூடத்தின் கூரை என்னும்போது இதில் சமரசமே கூடாது.

எவ்வளவு உப்பு அதிகம்? கம்பியுள்ள கான்கிரீட்டில் குளோரைடு சிமென்டின் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்ற எல்லை. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. வடியவிட்ட கடல் மணலில் 8 சதவீதம் கடல்நீர் தங்கியிருந்தால், 700 கிலோ மணலில் 56 லிட்டர், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குளோரைடு. அது மட்டும் என்றால் 320 கிலோ சிமென்டுக்கு 0.33 சதவீதம், எல்லைக்குள் மயிரிழையில் நிற்கும். ஆனால் ஜல்லிக்கும் பவளச் சரளையையே போட்டால், அது பஞ்சு போல நீரை உள்வாங்கும். ஆயிரம் கிலோவில் 80 லிட்டர் என்று வைத்தால் இன்னும் ஒன்றரைக் கிலோ. இரண்டும் சேர்ந்து 0.8 சதவீதம். எல்லையைப் போல இரண்டு மடங்கு. அலை தெறித்துக் காய்ந்து, திரும்பத் தெறித்துக் காய்ந்த மேல்மணலில் உப்பு இதைவிடவும் கூடுதலாக இருக்கலாம்.

கழுவ வேண்டும், ஆனால் குடிக்கும் தண்ணீரையே அளந்து ஊற்றும் தீவில் எதைக் கொண்டு கழுவுவது? மழையை விட்டால் வேறு வழியில்லை. முதலில் கடல்நீரிலேயே அலசி வண்டலைப் போக்குங்கள். பிறகு தரையில் சரிவாக ஒரு களம் போட்டு, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, மணலை ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிவையுங்கள். வாய்க்கால் கிணற்றுப் பக்கம் போகாமல் கடலுக்குப் போக வேண்டும். அத்தனை உயரக் குவியலில் ஏறக்குறைய 100 முதல் 150 மில்லிமீட்டர் நீர் தங்கியிருக்கும். அதைப்போல இரண்டு மூன்று மடங்கு மழை இறங்கினால் பெரும்பாலான உப்பு வெளியேறிவிடும். ஒரு நல்ல மழைக்காலம் போதும். பெரிய குவியலாகக் கொட்டினால் மேலே கழுவப்பட்டு அடியில் உப்பு சேரும், அதனால் அடி ஒரு சாண் மணலைக் கம்பி வேலைக்கு எடுக்காதீர்கள்.

கழுவியது போதுமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. இரண்டு கண்ணாடிக் குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், குவியலின் நடுவிலிருந்து எடுத்த மணலும் அதே எடை மழைநீரும் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் ஊறவையுங்கள். பவள மணியின் உள்துளைகளிலிருந்து உப்பு மெதுவாகத்தான் வெளிவரும், அதனால் ஊறவிடாமல் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இன்னொன்றில் ஒரு பங்கு கடல்நீருக்கு 50 பங்கு மழைநீர். மணல் குப்பியில் தெளிந்த நீரை வடிகட்டி, இரண்டு நீரையும் ஒரே அளவில் பத்து மடங்கு மழைநீர் விட்டு நீர்த்து, இரண்டிலும் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். பால் விட்டது போல வெள்ளையாகத் திரையும். மணல் குப்பி மற்றதைவிட வெள்ளையாக இருந்தால், அந்தக் குவியலுக்கு இன்னும் மழை வேண்டும். மற்றதைவிடத் தெளிவாக இருந்தால், மணலுக்கும் ஜல்லிக்கும் இதே தரம் வைத்தாலும் மேலே சொன்ன எல்லையில் ஏறக்குறைய பாதிக்குள் வந்துவிட்டீர்கள். அந்த மருந்து விரலில் பட்டால் சில நாளைக்குக் கறுப்புப் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். களத்தில் அன்றாடம் பார்க்க இது போதும். பள்ளிக்கூடத்துக் குவியலின் மாதிரியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எல்லா மணலையும் ஒரே அளவு கழுவ வேண்டியதில்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. கம்பி இல்லாத வேலையில் துருப்பிடிக்க எதுவும் கிடையாது. ஹாலோ பிளாக், தரைக்கு அடியில் நிரப்புவது, நடைபாதைக் கல் இவற்றுக்கு அரைகுறையாகக் கழுவிய மணலே போதும், சுவரில் உப்புப் பூக்கும், அவ்வளவுதான். நன்றாகக் கழுவியதைத் தூண், உத்தரம், தளத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். இரண்டு குவியலையும் தனித்தனியே வைத்து, பலகை நட்டு எழுதிப் போடுங்கள். அப்புறம், பவள ஜல்லியைக் கலவையில் போடுவதற்கு முன் நல்ல தண்ணீர் தெளித்து ஊறவைக்க வேண்டும். உலர்ந்ததைப் போட்டால் கலவையின் நீரை அதுவே குடித்துவிடும். மேஸ்திரி கலவை இறுகுகிறதே என்று மேலும் தண்ணீர் விடுவார், பலம் போய்விடும். கடலோரத்தில் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் 50 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கம்பியைத் தரையிலேயே படுக்கவைத்து ஊற்றும் பழக்கம், உப்பைவிட அதிக வீடுகளைக் கெடுத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், எவ்வளவு குறைக்கலாம் என்றும் பாருங்கள். 40 வீட்டுக்கும் கான்கிரீட் கூரை வேண்டுமா? மரச்சட்டத்தில் தகரக் கூரை போட்டு, அதையே மழைநீர் பிடிக்கும் பரப்பாக்கினால் மணலும் மிச்சம், தண்ணீரும் வரவு. முதிர்ந்த தென்னை மரம் நன்றாக அறுத்துப் பதப்படுத்தினால் சட்டத்துக்கு உதவும். தரையிலிருந்து உயர்த்திக் கால்களின் மேல் நிற்கும் மரவீடு வெள்ளத்துக்கும் நல்லது, அதற்கு வேண்டிய கான்கிரீட் அடிக்கால்களுக்கு மட்டும்தான். திடமான கல்லுக்குப் பதில் உட்குழிந்த ஹாலோ பிளாக் போட்டாலே சுவருக்கு வேண்டிய பொருள் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். இடித்த பழைய கட்டடத்தின் கான்கிரீட்டைக் கடலில் கொட்டாமல் உடைத்துத் தரைக்கு அடியில் போடலாம். பாட்டில் கண்ணாடியை மணல் பதத்துக்கு நொறுக்கிக் குழாய்ப் பள்ளத்திலும் தரை நிரப்பிலும் போடலாம். ஆனால் பருமனான கண்ணாடித் துண்டைக் கான்கிரீட்டில் சேர்க்காதீர்கள், அது சிமென்டிலுள்ள காரத்தோடு வினைபுரிந்து நாளடைவில் விரிந்து வெடிப்பு விழும். கம்பி வீணாகாமல் இருக்க, பணம் இருந்தால் கண்ணாடியிழைக் கம்பி ஒரு வழி. அது துருப்பிடிக்காது, ஆனால் களத்தில் வளைக்க முடியாது, அளவெடுத்தே வரவழைக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதைப் பெரும்பாலான அறிக்கைகள் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் முடித்துவிடும். கரையில் மணல் அள்ளுபவர்கள் யார்? பல தீவுகளில் வேறு வருமானமில்லாத குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள். அதிகாலையில் நீர் வடிந்ததும் போய், சரளையைக் கையால் பொறுக்கி, அளவு பிரித்து, மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்து விற்கிறார்கள். பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான். தடை போட்டு, அபராதம் விதித்து, காயலிலிருந்து கப்பலில் மணலைக் கொண்டுவந்து இறக்கினால், அந்த மூட்டை இரவில் வேறு பக்கத்தில் கட்டப்படும். தடுக்கவும் முடியாது, அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வராது. அதனால் கப்பல் மணலைச் சலிப்பது, மூட்டை கட்டுவது, களத்தில் கழுவுவது, பிளாக் அறுப்பது, விற்பது ஆகிய வேலைகளை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். இரண்டாவது, காயல் மணல் கரை மணலைவிட விலை கூடுதலாக இருந்தால் திட்டம் தோற்கும். கரை மணலுக்குக் கூலி மட்டும்தான் செலவு, அதன் உண்மை விலையைப் புயல் வரும் வருடத்தில்தான் ஊர் கட்டுகிறது. அந்த இடைவெளியை அரசோ, திட்டத்துக்குப் பணம் தருபவரோ ஏற்க வேண்டும். வீடு கட்டும் நிதியில் கப்பல் மணலுக்கென்று ஒரு பங்கை முதலிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

பெரிய திருட்டு வேறு. ஜமைக்காவில் 2008-இல் ஒரு ஓய்வுவிடுதித் திட்டத்துக்கான கரையிலிருந்து 400 மீட்டர் நீளத்து மணலே காணாமல் போனது, நூற்றுக்கணக்கான லாரி லோடு என்று கணக்கிட்டார்கள். அது மூட்டை கட்டும் பெண்களால் ஆகிற காரியமில்லை. ஒவ்வொரு கட்டட அனுமதியோடும் மணல் எங்கே வாங்கியது என்ற ரசீதைக் கேட்டாலே இந்த வகை வியாபாரம் பாதி படுத்துவிடும்.

கடைசியாக, கரையை அளக்கும் பழக்கம். காயலில் எடுத்ததால் கரை பாதிக்கிறதா இல்லையா என்பதை வாதாடி முடிவு செய்ய முடியாது, அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒன்றரை மீட்டர் நீளத்தில் அளவு குறித்த இரண்டு கம்புகளும் அவற்றை இணைக்கும் கயிறும் போதும். எமரி என்ற கடலியல் அறிஞர் 1961-இல் எழுதிவைத்த முறை இது. ஒருவர் மேட்டில் ஒரு கம்பை நட்டுப் பிடிக்க, இன்னொருவர் கயிறு நீளத்துக்குக் கடல் பக்கமாக இறங்கி மற்றக் கம்பை நட்டுப் பிடிக்கிறார். மேட்டில் நிற்பவர் கடற்கம்பின் நுனியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கிறார். அந்தக் கோடு தன் கம்பில் நுனியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, அவ்வளவு தரை இறங்கியிருக்கிறது. குறித்துக்கொண்டு அடுத்த அடிக்கு நகர வேண்டும். நீர் விளிம்பு வரை போனால் கரையின் முழுச் சரிவும் தாளில் வந்துவிடும். மாற முடியாத அடையாளம் ஒன்றிலிருந்து, ஒரு பழைய மரமோ சுவர் மூலையோ, ஒவ்வொரு மாதமும் வற்று நேரத்தில் ஒரே கோட்டில் செய்ய வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் பழகிவிடுவார்கள்.

உங்கள் வேலையை எங்கே தொடங்குவது என்றால், நான் இந்த வரிசையில் போவேன். இந்த மாதமே ஆறேழு இடத்தில் கம்பு அளவை ஆரம்பியுங்கள். மணல் எடுப்பதற்கு முன் ஒரு வருட அளவு கையில் இருந்தால்தான், பருவத்தோடு கரை இயல்பாக எவ்வளவு போய் வருகிறது என்று தெரியும், பின்னால் யாரும் கப்பலின் மேல் வீண்பழி போடவும் முடியாது, உண்மைப் பழியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அளவு நடந்துகொண்டிருக்கும்போதே காயலில் மாதிரி எடுக்கும் வேலை, வீட்டு வரைபடத்தில் கான்கிரீட்டைக் குறைக்கும் வேலை, கரையில் பொறுக்கி விற்கும் குடும்பங்களோடு பேச்சு எல்லாம் சேர்ந்து நடக்கலாம். மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்னால் மணல் களத்துக்கு வந்து சேர வேண்டும். முதல் மழைக்காலம் முழுவதும் அதைத் தொடாதீர்கள். மழை முடிந்ததும் பிளாக் அறுக்கத் தொடங்கி, மர வீடுகளை முதலில் எழுப்புங்கள். பள்ளிக்கூடத்தின் தளத்துக்கு உரிய குவியலை மட்டும் இரண்டாவது மழைக்கும் விட்டுவையுங்கள்.